கேப்பர் மலையில் ஏறிக் கடற்கரையில் இறங்கலாம்: குழுவாக ஒரு பகல் நடை

கடலூர்க்காரர்கள் பலருக்கே கேப்பர் மலை என்றால் மத்திய சிறைதான் நினைவுக்கு வரும். பாரதியார் 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி அடைபட்டது கடலூர்ச் சிறையில் என்பதால் அந்த நினைவில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த மேடு சிறையோடு முடிவதில்லை. மேற்கே திருவந்திபுரம் பக்கம் வரை செம்மண்ணும் சரளையும் முந்திரிக் காடுமாக நீள்கிறது, வடக்கு அடிவாரத்தில் கெடிலம் ஓடுகிறது, கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். காடு, மேடு, ஆறு, கடற்கரை நான்கையும் ஒரே நாளில் காலால் நடந்து பார்க்க முடிகிற இடம் இந்தக் கரையில் அதிகம் இல்லை.

உயரம் என்று பார்த்தால் இது சிறிய மேடுதான். கொல்லிமலை, கல்வராயன் மலைக்குப் போய் வந்தவர்கள் இதை மலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இங்கே ஆளைச் சாய்ப்பது வேறு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது, அதனால் ஏற்றமே இல்லாத இடத்தில்கூடப் பத்து மணிக்கு மேல் நல்ல திடமான ஆட்களே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எனவே இந்த நடையைத் திட்டமிடுவது என்பது முக்கால்வாசி வெயிலைத் திட்டமிடுவது. மீதிக் கால்வாசி, குழுவில் யார் கடைசியாக வருகிறாரோ அவருடைய கால் வேகத்தைத் திட்டமிடுவது. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

ஆட்களைச் சேர்ப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான எண்ணிக்கை. அதற்குமேல் போனால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் தெரியமாட்டார். முந்திரிக் காட்டுக்குள் இது உண்மையிலேயே சிக்கல், ஏனென்றால் முந்திரிக் கிளைகள் தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து படர்ந்திருக்கும், இருபது அடி முன்னால் போகிற ஆள்கூட மறைந்துவிடுவார். இருபது பேர் வருகிறேன் என்று சொன்னால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாதை தெரிந்த ஒருவரைப் போடுங்கள்.

பெயர் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், வீசிங், வலிப்பு ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். இதை வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதிலும் வயதில் மூத்தவர்கள் சொல்லவே மாட்டார்கள். தனியாகப் போன் செய்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சர்க்கரை இருப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்க வேண்டும். இதை அவருக்கு மட்டுமல்ல, அவர் கூட நடக்கப்போகிற ஒருவருக்கும், அவர் சம்மதத்தோடு, சொல்லி வைப்பது நல்லது.

குழுவில் இரண்டு பொறுப்புகள் முன்கூட்டியே முடிவாக வேண்டும். ஒருவர் முன்னே போகிறவர். இன்னொருவர் கடைசியில் வருகிறவர், எங்கள் பக்கத்தில் வால் ஆள் என்போம். வால் ஆளுக்கு முன்னே போகிறவரைவிட அனுபவம் அதிகம் இருக்க வேண்டும், பொறுமையும் அதிகம் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் யாருமே இருக்கக் கூடாது. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் முன்னே போகிறவர் நின்று, வால் ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒரு விதியை விட்டுவிடுவதால்தான் வருகின்றன.

எந்த நாள்

மார்கழிக் கடைசி வாரத்திலிருந்து மாசி வரைதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை நேராக அடிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறி முந்திரியையும் பலாவையும் வேரோடு பிடுங்கிப் போட்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. ஆகவே டிசம்பரில் தேதி வைத்தால் வானிலை அறிக்கையை முதல் நாள் இரவு வரை பார்த்துக்கொண்டே இருங்கள், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ஒரு வார்த்தை வந்தாலும் தள்ளிப்போடுங்கள். பங்குனிக்கு மேல் புதியவர்களை அழைத்துக்கொண்டு போகவே வேண்டாம். சித்திரையில் காலை ஏழு மணிக்கே வெயில் குத்தும்.

நல்ல மாதத்திலும் சில நாட்கள் சரிப்படாது. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பக்கம் தலைவைக்காதீர்கள். தேவநாத சுவாமி கோயிலில் அன்றைக்கு அடுத்தடுத்து கல்யாணங்கள் நடக்கும், விடியற்காலையிலேயே மாப்பிள்ளை வீட்டு வேனும் பெண் வீட்டு பஸ்ஸுமாகச் சாலை அடைத்துவிடும். காணும் பொங்கல் அன்று சில்வர் பீச்சில், அதாவது தேவனாம்பட்டினம் கடற்கரையில், மணல் தெரியாது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா, தென்பெண்ணைக் கரை முழுக்கக் கூட்டம். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் வரும். இவையெல்லாம் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய நாட்கள், குழுவோடு நடக்க ஏற்ற நாட்கள் இல்லை. காலண்டரைத் திருப்பிப் பார்த்து முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்.

பாதையை முன்கூட்டியே நடந்து பார்ப்பது

அழைத்துப் போகிறவர் ஒரு வாரம் முன்பாவது முழுப் பாதையையும் நடந்து பார்த்துவிட வேண்டும், அதுவும் குழு போகப்போகிற அதே நேரத்தில். போன வருடம் திறந்திருந்த வண்டிப்பாதையில் இந்த வருடம் முள்கம்பி போட்டிருப்பார்கள், ஓரத்தில் புதிதாகச் சரளை தோண்டிய பள்ளம் இருக்கும்.

கேப்பர் மலையில் முந்திரித் தோப்புகள் பலவும் தனியார் கொல்லைகள். உள்ளே நுழையும் முன் சொந்தக்காரரிடமோ காவலுக்கு இருப்பவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, பத்து பேர் நடந்து போறோம், காய் எதையும் தொட மாட்டோம், இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே நல்ல வழியும் காட்டுவார்கள், எந்தப் பக்கம் தேன்கூடு இருக்கிறது என்றும் சொல்வார்கள். மாசி பிறந்து காய்ப்புத் தொடங்கிவிட்டால் காய் பறிக்கிறவர்களுக்கு அந்நியர்கள் நடமாட்டம் பெரிய கவலை, அந்த மாதங்களில் கேட்காமல் போவது மரியாதையே இல்லை. வனத்துறை போர்டு இருக்கிற இடத்தில் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் கால் வைக்க வேண்டும். சிறை வளாகத்தின் பக்கம் போட்டோ எடுப்பது, மதிலை ஒட்டி நடப்பது இரண்டும் கூடாது என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

என்ன எடுத்துக்கொள்வது

தண்ணீர். ஆளுக்கு இரண்டரை லிட்டர், கொஞ்சம் பருமனானவர் என்றால் மூன்று. மேலே ஊற்றோ ஓடையோ எதையும் நம்பாதீர்கள். கேப்பர் மலை கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறை அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் மேலே நிற்காமல் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. சுற்றுவட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு அது வரம், நடக்கிறவருக்குக் குடிக்க ஒரு சொட்டு கிடைக்காது. தோண்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், அதில் இறங்கக் கூடாது. ஓரம் பொலபொலவென்று சரியும், ஆழம் வெளியில் தெரியாது.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடம்பில் உப்புக் குறைந்து கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும். ஆளுக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில் முழுவதையும் கரைக்க வேண்டும், பாதி பாட்டிலில் பாதிப் பொட்டலம் என்று கண்ணளவில் கலக்க வேண்டாம். பாட்டிலில் நீர்மோர் கொண்டுவருபவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே குடித்துவிட வேண்டும்.

காலணி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. செருப்போடு வந்தால் காலைப் பகுதிக்கு வராதீர்கள், மாலையில் கடற்கரையில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன். காரணம் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், அதன் முள். காய்ந்து விழுந்த கிளை சரளையின் நிறத்திலேயே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதன் முள் ரப்பர் செருப்பின் அடியில் நுழைந்து மேலே வந்து பாதத்தில் ஏறும். எங்களோடு வந்த ஒரு தம்பிக்கு அப்படித்தான் ஏறியது. செருப்பைக் கழற்றவும் முடியவில்லை, ஏனென்றால் செருப்பும் காலும் சேர்த்துத் தைத்தது மாதிரி ஒன்றாகிவிட்டிருந்தது. ஒருவர் குதிகாலைப் பிடிக்க, இன்னொருவர் செருப்பை நேர்கீழாக ஒரே இழுப்பில் இழுக்க, முள்ளின் நுனி மட்டும் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. அதை ஊசியால் நோண்டாமல் மருத்துவமனைக்குப் போய்த்தான் எடுத்தார்கள், டிடி ஊசியும் போட்டார்கள். அடி கனமான கேன்வாஸ் ஷூவோ ஸ்போர்ட்ஸ் ஷூவோ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. புது ஷூ மட்டும் வேண்டாம், இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். கால் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள்.

உடை முழுக்கை, முழுக்கால். வெயிலுக்காக மட்டும் இல்லை, புதரோரத்தில் தொட்டாலே அரிக்கிற காஞ்சொறிச் செடி படர்ந்திருக்கும், தை மாசியில் பூனைக்காலிக் காய் காய்ந்து அதன் சுணை, அதாவது அரிப்பெடுக்க வைக்கிற மெல்லிய முடி, காற்றிலேயே பறக்கும். சுணை பட்டால் சொறியாதீர்கள், சொறிந்தால் பரவும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். ஒரு பருத்தித் துண்டு கட்டாயம். நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் இந்தப் புழுக்கத்தில் அதைவிட நல்ல சாமான் வேறு இல்லை.

விசில் ஆளுக்கொன்று, மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பவர் பேங்க் குழுவுக்கு இரண்டு. மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். முன்னே போகிறவரும் வால் ஆளும் நாள் முழுக்க லைவ் லொக்கேஷன் போட்டிருக்க வேண்டும். மருந்துப் பையில் பிளாஸ்டர், டெட்டால், கிரேப் பேண்டேஜ், முள் எடுக்க இடுக்கி, பாரசிட்டமால், அலர்ஜி மாத்திரை.

பெண்களுக்காக ஒன்று. திருவந்திபுரத்தில் கோயில் பக்கத்தில் கழிப்பறையை முடித்துவிட்டால் அடுத்தது மீண்டும் ஊருக்குள் வந்த பிறகுதான். அதற்குப் பயந்து பல பேர் தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள், அதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். குழுவில் ஒரு பெண்ணையாவது இந்தப் பொறுப்புக்கு வைத்து, வழியில் மறைவான இடம், நிற்க வேண்டிய நேரம் எல்லாவற்றையும் அவரே முடிவு செய்யும்படி விடுங்கள். நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்துவர மூடிய கவரும் மருந்துப் பையிலேயே இருக்கட்டும், கேட்டு வாங்குகிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

சாப்பாடு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காலைக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாழை இலையில் கட்டியது. நடுவில் கடலை உருண்டை, வாழைப்பழம், தை மாதம் என்றால் அவித்த பனங்கிழங்கு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், கெட்டுப்போகும்.

காலை: திருவந்திபுரம் முதல் ஊர் வரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், விடியற்காலையிலேயே பஸ் உண்டு. ரயிலில் வருபவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கலாம். கடலூர் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து ஆறு மணிக்குள் திருவந்திபுரத்தில் கூடிவிட வேண்டும். தை மாதத்தில் ஆறரை மணிக்குத்தான் பொழுது விடியும், அந்த அரைமணி நேரத்தில் தலை எண்ணி, பெயர் படித்து, விதிகளைச் சொல்லிவிடலாம். ஆறேகாலுக்குமேல் வருபவருக்காகக் காத்திருக்காதீர்கள். பத்து பேருடைய குளிர்ந்த அரைமணி நேரத்தை ஒருவருக்காக இழப்பது நியாயம் இல்லை, அவர் பகலில் ஊருக்குள் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

முதலில் ஔஷதகிரிப் படி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சிதறி விழுந்த துண்டு என்று ஊரில் சொல்லும் சிறு குன்று, மேலே ஹயக்ரீவர் சந்நிதி, 74 படிகள். வேதாந்த தேசிகர் தங்கி வழிபட்ட இடம். நம்பிக்கை இருப்பவர்கள் கும்பிட்டுக்கொள்ளலாம். எனக்கு இந்தப் படிகள் இன்னொரு விதத்திலும் முக்கியம், யாருக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஷூவைக் கீழே விட்டு வெறுங்காலோடு எல்லோரையும் அவரவர் வேகத்தில் ஏறச் சொல்லுங்கள். மேலே வந்து இரண்டு நிமிடத்தில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஐந்து நிமிடம் ஆகியும் பேசத் திணறுகிறவர் இருந்தால் அன்றைக்கு அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அவரைச் சங்கடப்படுத்தாமல், முன்னே போகிறவருக்கு அடுத்த இடத்தில் நடக்க வையுங்கள். பின்னால் விட்டால் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி எழும் நேரத்தில்தான் இவர் வந்து சேர்வார், இவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. குழு நடையில் பெரும்பாலோர் கவனிக்காத அநியாயம் இது.

அங்கிருந்து தெற்கே மேடேறினால் செம்மண். ஈரப் பனி இறங்கிய காலையில் மண் கருஞ்சிவப்பாக, கால் வைத்தால் அழுந்துகிற பதத்தில் இருக்கும், எட்டு மணிக்குள் காய்ந்து வெளிறிப் புழுதியாகிவிடும். மேலே சின்னச் சின்னக் கூழாங்கற்கள் உருளைகளாகக் கிடக்கும், ஏறும்போது தெரியாது, இறங்கும்போது காலை வாரிவிடும். இறக்கத்தில் சின்ன அடியாக எடுத்து வையுங்கள், முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். குதிகாலை ஊன்றினால் வழுக்கும். முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே ஐந்தாறு அடி இடைவெளி விடுங்கள்.

முந்திரிக் காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் மாறும். தரை முழுக்க அப்பளம் மாதிரி காய்ந்த இலை, ஒவ்வொரு அடியும் மொறுமொறுவென்று கேட்கும், பேச்சு தானாகக் குறைந்துவிடும். கொஞ்சம் நின்று பாருங்கள். தானே புயலில் சாய்ந்த மரங்களில் சில வேர் ஒரு பக்கம் மண்ணில் பிடித்திருந்ததால் படுத்தபடியே பிழைத்து, தண்டின் மேலிருந்து நேராகப் புதுக் கிளை விட்டிருக்கின்றன. தை மாசியில் பூத்திருக்கும், நுனிக் கொத்தில் மிளகளவு வெளிர் பூ, இளஞ்சிவப்புக் கோடுகளோடு. பூவுக்குத் தேனீ வரும், அதனால் சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். கூட்டைக் கண்டால் கையால் சுட்டிக் காட்டிச் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு போங்கள், கலைந்துவிட்டால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான், நின்று அடிக்கக் கூடாது. பச்சை முந்திரிக் கொட்டையைப் பல்லால் கடித்து உடைக்க யாரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, விடாதீர்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் உதடு வெந்துவிடும்.

தோப்புகளின் ஓரத்தில், உழவு படாத மூலைகளில், பழைய காட்டின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். களா, காசா, நாவல், எங்கேயாவது ஒரு பாலை மரம். முந்திரி வருவதற்கு முன் இந்தக் கரையின் செம்மண் மேடுகளில் இப்படி எப்போதும் பச்சையாக நிற்கிற, அடர்ந்த, அதிகம் உயராத காடுதான் இருந்தது. அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போங்கள். ஊரார் சாமிக்கு விட்ட காடு, அங்கே சுள்ளி ஒடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. நடக்கப் பழகியவர்கள் என்றாலும் அங்கே பாதையை விட்டு இறங்காமல் பார்த்துவிட்டு வருவதுதான் முறை.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல பாம்பும் விரியனும் கட்டுவிரியனும் இந்த மாவட்டம் முழுக்கவே உண்டு. இலைக் குவியலில் கையை விடாதீர்கள், மரத்தடியில் உட்காரும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள், கட்டையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவே விடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, சாலை வரை தூக்கிக்கொண்டு வாருங்கள். மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள்.

அரைமணிக்கு ஒரு முறை நிழலில் ஐந்து நிமிடம் நின்று எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் இல்லை என்பவரும்தான். வால் ஆள் அப்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். முகம் வெளிறிப்போவது, வழக்கமாக வாயாடுகிறவர் திடீரென்று பேசாமல் வருவது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, நெற்றி சுட்டும் வியர்வை இல்லாமல் இருப்பது, இதில் எதைக் கண்டாலும் நடை அங்கேயே நின்றுவிட வேண்டும். நிழலில் படுக்க வைத்து, துண்டை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்பதரை மணிக்குள் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றைய நாளின் மிக முக்கியமான கணக்கு. காலைக் காற்று அடங்கி, கடல் காற்று எழும்புவதற்கு நடுவே ஒரு நேரம் இருக்கிறது, இலைகூட அசையாது, அந்த நேரத்தில் முந்திரி மரத்தடி நிழலே புழுங்கும். பாதித் தூரம்தான் நடந்திருக்கிறோம் என்றாலும் பரவாயில்லை, பக்கத்துச் சாலைக்கு இறங்கி ஆட்டோ பிடித்துவிடுங்கள். நேரத்தோடு வந்தால் வண்டிப்பாளையம் பக்கம் இறங்கி, கரையேறவிட்ட குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூருக்கு நடக்கலாம். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படுகிற ஊர் அது, பாடலீசுவரர் கோயிலும் அருகில்தான். நடை மூடும் முன் போய்விட்டால் பிராகாரத்தின் குளிர்ந்த கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழலாம்.

நடுப்பகல்

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நடை கிடையாது. மதியச் சாப்பாடு, நிழல், முடிந்தால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. ஷூவைக் கழற்றி, சாக்ஸை மாற்றி, பாதத்தைப் பாருங்கள். சிவந்து எரிகிற இடம் இருந்தால் கொப்புளம் ஆவதற்கு முன்பே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே கொப்புளம் வந்தவர் மாலை நடக்க வேண்டாம், மணல் பட்டு உப்புத் தண்ணீர் பட்டு ஒரு வாரம் அவஸ்தைப்படுவார்.

மாலை: தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே

நான்கு மணிக்கு சில்வர் பீச். கெடிலத்தை ஒட்டிய பக்கத்தில்தான் 1690-இல் ஆங்கிலேயர் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் என்று பேசி வாங்கினார்கள், பக்கத்தில் இருக்கும் குண்டு உப்பலவாடி அந்தக் கணக்கில் வந்த ஊர்தான். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது இங்கிருந்துதான் ஆங்கிலேயர் இந்தக் கரையின் ஆட்சியை நடத்தினார்கள்.

கூட்டத்தைத் தாண்டி வடக்கே தாழங்குடா பக்கம் நடங்கள். உலர்ந்த மணலில் நடந்தால் பாதித் தெம்பு மணலுக்கே போய்விடும், அலை வந்து திரும்பிய ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடங்கள். கரை சாய்வாக இருப்பதால் ஒரே பக்கமாகப் போகும்போது ஒரு கால் தாழ்ந்தே இருக்கும், இடுப்பு வலி உள்ளவர்கள் நடுநடுவே மேலே ஏறி நடப்பது நல்லது. வெறுங்காலில் நடக்க ஆசைப்படுவார்கள், ஈர மணலில் சரி, மேல் பக்கம் மணல் மேட்டில் வேண்டாம். ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருக்கும் அடும்பு ஒன்றும் செய்யாது, பக்கத்திலேயே உருண்டையாக முள் சிலிர்த்து நிற்கும் ராவணன் மீசை காலைக் குத்திக் கிழித்துவிடும்.

மீனவர் குப்பங்களைக் கடக்கும்போது காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிக்கொண்டு போங்கள். படகை இழுத்துக்கொண்டிருந்தால் வழியை விட்டு நில்லுங்கள், கை கொடுக்கக் கூப்பிட்டால் போய்க் கொடுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். கடல் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள், அன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது போனில் பார்ப்பதைவிட அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.

கடலில் இறங்கிக் குளிப்பது இந்த நடையில் கிடையாது. காலை நனைக்கலாம், முழங்காலுக்குமேல் போகக் கூடாது. களைத்த காலுக்குத் திரும்பி ஓடும் அலையை எதிர்த்து நிற்கிற வலு இருக்காது. தென்பெண்ணை முகத்துவாரத்தில் ஆழமில்லாதது போலத் தெரியும், அதைக் கடந்து அக்கரைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், நாலு அடி தள்ளி ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும்.

தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் இரவில் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். மணலில் டிராக்டர் தடம்போல அகலமாக ஒன்று கடலிலிருந்து மேலே போய்த் திரும்பியிருந்தால் அது ஆமைத் தடம். அந்த இடத்தைத் தோண்டாதீர்கள், மிதிக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நடங்கள். ஐந்தரைக்குத் திரும்பத் தொடங்கினால் இருட்டுவதற்குள் சில்வர் பீச் வந்துவிடலாம்.

கிளம்பும் முன் இன்னொரு முறை தலை எண்ணுங்கள், குப்பைப் பையை யார் எடுத்துப் போகிறார் என்று கேளுங்கள். வீடு சேர்ந்ததும் எல்லோரும் குரூப்பில் ஒரு வரி போட வேண்டும், போடாதவருக்கு வால் ஆள் போன் செய்ய வேண்டும். முட்டி வலி இல்லாமல் இதை முடித்துவிட்டவர்கள் அடுத்த மாதம் செஞ்சி ராஜகிரிக்கு வரலாம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை, ஏறக்குறைய 800 அடி, படிகள் செங்குத்து, அதற்குத் தயாரிப்பு இதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

இரவே உடைகளைத் தனியாகப் போட்டுத் துவைத்துவிடுங்கள், சுணை ஒட்டியிருந்தால் மற்றத் துணிக்கும் ஏறும். ஷூவின் உள்ளே இருக்கும் மணலைத் தட்டி, கடல் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்காமல் நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் வைத்தால் அடி ஒட்டு விட்டுவிடும்.